நிலை: ஈறு

காயத்தின் அளவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, ஏதோ பெரிய காயம் போலிருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாதி அரிசி. அவ்வளவுதான். மேல்வரிசையில் வலப்பக்க முன்பல், அந்தப் பல்லை ஈறு தொடுகிற விளிம்பு, அங்கே பாதி அரிசி நீளத்துக்குத் தோல் கிழிந்திருந்தது.

கிழித்தது விசில். புலவர் ஒரு பேருந்து நடத்துநர். இரண்டு கையும் டிக்கெட்டிலும் கம்பியிலும் இருக்க, விசிலைப் பல்லில் கவ்விக்கொண்டே ஓடுகிற வண்டியில் நடமாடுகிறவன். சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதித்தார். புலவர் முன்கம்பியில் போய் முகத்தைக் கொடுத்தான். விசில் மேலே ஏறியது. அவ்வளவுதான் விபத்து. சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புலவர் என்பது பணிமனையில் வைத்த பெயர். மாலை வகுப்பில் தமிழ் படிக்கிறான், அதற்காக. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பான். அன்றன்று நடந்ததை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதுவான். எழுதி முடித்ததும் கடைசியில் 'தப்பு என் மேலோ?' என்று ஒரு வரி சேர்த்து, கேள்விக்குறி போட்டு மூடுவான். சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்குறி இல்லாமல் ஒரு நாள்கூட முடிந்ததில்லை.

வண்டி நின்றதும் டிரைவர் அண்ணன் திரும்பி அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணுமில்லடா. எகிறு லேசா கிழிஞ்சிருக்கு."

"ஈறுண்ணே. எகிறுங்கறது கொச்சை."

"ஈறுன்னு சொன்னா வலி கம்மியாவுதா?"

"இல்லண்ணே. சரியாச் சொல்லலாமேன்னு."

"சரியாத்தான் சொல்லேன். இந்தா, தண்ணி. கொப்புளிச்சுட்டு வண்டில ஏறு."

இந்த உரையாடலைப் பின்னால் புலவர் பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டிவந்தது. எகிறு என்றே விட்டிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது.

பணிமனையில் வண்டியை விட்டுவிட்டுக் கணக்குக் கொடுக்கும்போது நேரக் காப்பாளர் விசிலில் ரத்தம் பார்த்துவிட்டார். அவர் கண்ணுக்கு ஓட்டை டயர் தெரியாது, எரியாத விளக்கு தெரியாது. ஆனால் விதியில் உள்ள பொருள் என்றால் பத்தடி தூரத்தில் தெரியும். வாயில் காயமுள்ள நடத்துநர் விசில் ஊதக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. வாய்நலத் தலைமையகத்தின் தகுதிச் சான்று வந்த பிறகுதான் ஊதலாம். விசில் ஓர் உறைக்குள் போயிற்று. உறைக்கு அரக்கு வைத்தார்கள்.

மேலாளர் அவனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னால் கெட்ட செய்தி என்று பணிமனையில் எல்லோருக்கும் தெரியும்.

"நீ தற்காலிகம்தானே?"

"ஆமா சார். ரெண்டு வருஷமா தற்காலிகம்."

"ஏழு நாள். அதுக்குள்ள சான்று வந்தா விசிலு உனக்கு. வரலைன்னா உன் எடத்துக்கு அடுத்த ஆள். எனக்கு உன்மேல ஒரு கோவமும் இல்ல, பாத்துக்க. விதிக்கும் இல்ல."

வீட்டில் அக்கா அவன் தலையைச் சன்னல் பக்கம் திருப்பி வாயைப் பிளந்தாள். அவள் தையல் தொழிற்கூடத்தில் பொத்தான் வைக்கிறவள். "இதுக்கா ஏழு நாள்? இதைவிடப் பெரிய குத்து எனக்கு ஊசில தினம் ரெண்டு விழுது. உப்புத் தண்ணில கொப்புளி. மூணு நாள்ல போயிடும்."

"சான்று வேணுங்கா."

"காயத்துக்கு உப்பு வேணும். சான்று எதுக்கு வேணும்?"

"வேலைக்கு."

அக்கா வாயை மூடிவிட்டுப் போனாள், அவனுடைய வாயை.

மறுநாள் காலை அவன் வாய்நலத் தலைமையகத்துக்குப் போனான். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளைப் பல் சிலை நின்றது. ஈறு எதுவுமில்லாமல், சிமென்டுத் தரையில், தன் வேரிலேயே நின்றது. உள்ளே நுழைந்ததும் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: 'அமைதி. வாயைத் திறக்காதீர்கள்.' அதன் கீழே வாயைத் திறப்பதற்காக வந்த முப்பது நாற்பது பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்றில் பதிவு நடந்தது. அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிராமலே கேட்டாள்: "பல்லா, மென்திசுவா?"

"ஈறுங்க."

"ஈறுன்னு இங்க எதுவும் கிடையாது. பல்லா, மென்திசுவா?"

"மென்திசுன்னா என்னங்க?"

"வாய்ல பல்லு போக மிச்சமெல்லாம்."

"அப்ப... ரெண்டும் சேர்ற எடத்துலங்க."

இப்போதுதான் அந்த அம்மாள் நிமிர்ந்தாள். வேண்டுமென்றே செய்கிறானா என்று பார்த்தாள். "சேர்ற எடத்துக்கு ஏது பிரிவு? இங்க இருக்கறதெல்லாம் பிரிவுதான். படிவத்த நெரப்பிக் குடுங்க, மேல பாத்துப்பாங்க."

படிவத்தில் மூன்று கட்டங்கள். உறுப்பு, நிலை, குறிப்பு. புலவர் தன் பேனாவை எடுத்தான். எதையும் யோசித்து எழுதுகிறவன். உறுப்பு என்ற கட்டத்தில் 'மேல் வலது முன்பல்' என்று எழுதினான். நிலை என்றால் என்ன? நிற்கிற இடம்தானே, காயம் எங்கே நிற்கிறது என்று கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான். 'ஈறு' என்று எழுதினான். குறிப்பில் 'சிறு காயம்.' கையெழுத்து அழகாக வந்திருந்தது. எகிறு என்று எழுதாமல் விட்டதில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

அவனுக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அந்த நிலையத்தில் ஒரு காலத்தில் பல்லைப் பிடுங்கினால் நிலை என்ற கட்டத்தில் 'எடுக்கப்பட்டது' என்று எழுதுவார்கள். யார் எடுத்தது, ஏன் எடுத்தது, பக்கத்துப் பல்லுக்குப் பதில் இதை ஏன் எடுத்தது என்றெல்லாம் கேள்விகள் வர ஆரம்பித்தன. எனவே மூன்று வருடத்துக்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி பல்லை யாரும் எடுப்பதில்லை. பல் தானே முடிவை அடைகிறது. முடிவைக் குறிக்க 'ஈறு' என்ற நல்ல தமிழ்ச் சொல்லை எழுதுக. ஈறு மருத்துவர்களோ அதற்கு முன்பே தங்கள் பிரிவுக்கு 'பல்சூழ் மென்திசுப் பிரிவு' என்று கம்பீரமாகப் பெயர் மாற்றிக்கொண்டிருந்ததால், அந்தச் சொல் சும்மாதான் கிடந்தது.

ஆக, மேல் வலது முன்பல், நிலை ஈறு. புலவர் தன் கைப்பட, அழகான எழுத்தில், தன் பல் முடிந்துபோனதாக எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் போய் உட்கார்ந்தான்.

முதலில் பல் மருத்துவர். அவர் ஒரு கம்பியை எடுத்துப் பல்லை டக் டக் என்று தட்டினார்.

"வலிக்குதா?"

"பல்லுல வலிக்கல டாக்டர். அதுக்குக் கொஞ்சம் மேல."

"மேல நான் பாக்கறதில்ல." கம்பியை வைத்துவிட்டார். "இருபத்திரண்டு வருஷமா பல்லை மட்டும்தான் பாக்கறேன் தம்பி. பல்லுங்கறது ஒரு முழுமை. சுத்தமானது. அது வாய்ல இருக்கறது தற்செயல். என் பிரச்சினையே என்னன்னா, நோயாளிங்க பல்லை மட்டும் கொண்டு வரமாட்டேங்கறாங்க, வாயோட வந்துடறாங்க. உன் பல்லு பிரமாதமா இருக்கு. அதனால உனக்கும் எனக்கும் பேச்சே இல்ல. மாடிக்குப் போ."

மாடியில் மென்திசு மருத்துவர் ஓர் அம்மையார். காயத்தை ஒரு கண்ணாடியால் பார்த்தார். கனிவாகத்தான் பார்த்தார். புலவருக்கு நம்பிக்கை வந்தது.

"நல்ல காயம்" என்றார். "ஆனா இதுக்கு ரெண்டு கரை இருக்கு. இந்தக் கரை மென்திசு, என்னோடது. அந்தக் கரை பல்லு, கீழ இருக்கறவரோடது. அவர் கரைல அவர் சம்மதம் இல்லாம நான் பஞ்சு வெச்சேன்னா நாளைக்கு ஒரு கேள்வி வரும். பல் பிரிவுலேர்ந்து தடையில்லாச் சான்று ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"அதுவரைக்கும் ஏதாவது மருந்து..."

"மருந்தா?" அம்மையார் கண்ணாடியைத் துடைத்தார். "இப்பத்தான் எல்லையைப் பத்தியே பேச ஆரம்பிச்சிருக்கோம்."

கீழே வந்தபோது பல் பிரிவை அன்றைக்கு மூடிவிட்டார்கள். மறுநாள் போனான். பல் மருத்துவர் முன் இப்போது ஒரு கோப்பு இருந்தது. கோப்பைப் படித்தார். புலவரின் வாயைப் பார்த்தார். மறுபடி கோப்பைப் படித்தார்.

"சான்று குடுக்க முடியாதுப்பா. இந்தப் பல்லு இல்ல."

"எந்தப் பல்லு டாக்டர்?"

"நீ சொல்றியே, அந்தப் பல்லு. ஈறு எய்திடுச்சு."

"நேத்து நீங்கதானே தட்டிப் பாத்தீங்க? பிரமாதம்னீங்க."

"நேத்து பதிவு மேல வரல. இன்னிக்கு வந்துடுச்சு." அவர் குரலில் கடுமையில்லை, காலம் மாறிவிட்டதைச் சொல்கிற குரல். பிறகு கொஞ்சம் முன்னால் குனிந்து, "அப்ப உன் வாய்ல இருக்கறது யாரோடது?" என்று கேட்டார்.

புலவர் நாக்கால் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். தொடும்போதே, இது தன்னுடையதுதானா என்று அரைக்கணம் ஒரு சந்தேகம் வந்தது. அதுதான் அவன் சுபாவம்.

"ஈறுன்னா எகிறு டாக்டர். நான் எழுதினது அந்த அர்த்தத்துல."

"நீ எந்த அர்த்தத்துல எழுதினாலும், நாங்க படிக்கறது ஒரே அர்த்தத்துலதான். பிழைதிருத்தம் வேணும்னா வழி இருக்கு. 'மேல் வலது முன்பல் உள்ளது'ன்னு எழுதின முத்திரைத் தாள்ல மூணு கையெழுத்து. பல் பிரிவு, மென்திசுப் பிரிவு, பதிவேட்டுக் கண்காணிப்பாளர். மத்த ரெண்டு பேரும் போட்டுட்டா மூணாவதா நான் தாராளமா போடறேன்."

மாடியில் அம்மையாரும் தாராளமாகப் போடுவதாகச் சொன்னார், மூன்றாவதாக. பதிவேட்டுக் கண்காணிப்பாளர் அறைக்குள்ளேயே விடவில்லை. மூன்றாவது கையெழுத்துத் தன்னுடையது என்பது விதி என்று உதவியாளர் மூலம் சொல்லியனுப்பினார்.

நான்காம் நாள் பணிமனையில் மேலாளர் மறுபடி உட்காரச் சொன்னார். மேசைமேல் தலைமையகத்திலிருந்து வந்த நகல்.

"முன்பல்லு போயிடுச்சாமே. சொல்லவே இல்லியே நீ."

புலவர் பல்லைக் காட்டினான். சாதாரணமாகச் சிரிக்கும்போது தெரியும் பல்தான். சிரிப்பு வராததால் விரலால் உதட்டைத் தூக்கிக் காட்டினான்.

மேலாளர் எழுந்துவந்து பார்த்தார். "இருக்கு. பளிச்சுன்னு இருக்கு. ஆனா நான் பாத்தேங்கறதுக்கு இங்க கோப்பு கிடையாதே? முன்பல்லு இல்லாத ஆளுக்கு விசிலு நிக்காது. விசிலு நிக்கலைன்னா நடத்துநர் இல்ல. ஏழாம் நாள் சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பேன். உனக்காகத்தான் காத்திருக்கேன். அடுத்த ஆள் இன்னிக்கே வர்றேங்கறான்."

வெளியே டிரைவர் அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துணியை உதறினார். "நான் பத்து பேரைக் கூட்டிட்டு வரேன். பல்லு இருக்குன்னு பத்து பேரும் சொல்லட்டும்."

"சாட்சி செல்லாதுண்ணே. கேட்டுட்டேன்."

"பல்லையே கழட்டிக் கையில குடுத்தா?"

"அப்ப பதிவு சரியாயிடும்ணே."

டிரைவர் அண்ணன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

அன்றைக்கு அக்கா சன்னல் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆறிடுச்சுடா" என்றாள். "சுவடே இல்ல. எந்தப் பக்கம்னுகூடத் தெரியல." புலவர் சந்தோஷப்படலாமா என்று யோசித்தான். நோட்டை எடுத்தான். 'ஒன்று: பல் இருக்கிறது, பதிவில் இல்லை. இரண்டு: காயம் பதிவில் இருக்கிறது, வாயில் இல்லை. தப்பு என் மேலோ?'

ஐந்தாம் நாள் மென்திசு அம்மையார் காயத்தைக் காணாமல் நிஜமாகவே வருத்தப்பட்டார். "ஆறினது யார் அனுமதில?" என்று கேட்டார். "நான் ஒரு கரை வரைஞ்சு வெச்சிருந்தேன். ஆராய்ச்சிக் கட்டுரைல போடலாம்னு இருந்தேன். உப்புத் தண்ணியா? யாருங்க சொன்னது?"

"எங்க அக்கா."

"என்ன படிச்சிருக்காங்க?"

"பொத்தான் வைக்கறாங்க."

அம்மையார் அதைக் குறித்துக்கொண்டார். ஆறாம் நாள் ஜன்னலில் கேட்டதில், விசாரணைக்கு மறுநாள் வரச் சொன்னார்கள்.

ஏழாம் நாள் காலை கண்காணிப்பாளர் அறை திறந்தது. நடுவில் ஒரு நோயாளி நாற்காலி. அதில் புலவரைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் பல் மருத்துவர், மறுபக்கம் மென்திசு அம்மையார், காலடியில் பதிவு ஜன்னல் அம்மாள் பேரேட்டோடு. கண்காணிப்பாளர் மட்டும் நின்றார். மருத்துவம் படித்தவரில்லை, அலமாரிப் பிரிவில் தொடங்கிப் படிப்படியாக மேலே வந்தவர். குரல் கணீரென்று இருக்கும். பேசும்போது ஆள்காட்டி விரலை நிமிர்த்தி வைத்துக்கொள்வார். அந்த விரலின் நகத்தை நன்றாகத் தீட்டி வைத்திருந்தார்.

"தம்பி, உன்மேல எங்களுக்கு விரோதம் கிடையாது" என்று தொடங்கினார். "இந்த நிலையத்துல நாப்பதாயிரம் வாய் பதிவுல இருக்கு. ஒரு வாய் தப்புன்னு ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? நாளைக்கு இன்னொருத்தர் வருவார், எனக்கும் பல்லு இருக்குன்னுவார். அப்பறம் எல்லாரும் வருவாங்க. பல்லு உள்ளவங்களெல்லாம் வர ஆரம்பிச்சா நிலையம் தாங்குமா?"

பல் மருத்துவர் தலையாட்டினார்.

"பதிவுக்கும் வாய்க்கும் வித்தியாசம் இருக்கு. சரி, இருக்கட்டும். வித்தியாசத்தை யார் சரிபண்ணணும்? பதிவு கட்டிடத்துல இருக்கு, நகராது. வாய் நடந்து வந்திருக்கு. பதிவைத் திருத்த மூணு கையெழுத்து, ஒரு குழு, பதினெட்டு மாசம். வாயைத் திருத்த பத்து நிமிஷம். நீயே சொல்லு, நியாயம் எது?"

புலவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது. பக்கத்துத் தட்டில் ஓர் இடுக்கி இருந்ததை அப்போதுதான் பார்த்தான்.

"சார், பல்லு போனா விசிலு நிக்காது சார். விசிலு இல்லன்னா வேலை..."

"அதான் பதிவுல ஏற்கெனவே போயிடுச்சே. இனிமே புதுசா என்ன போகப்போவுது?"

"மரத்துப்போற ஊசியாவது..."

இதற்கு மென்திசு அம்மையார் தொண்டையைச் செருமினார். "ஊசி மென்திசுலதான் போடணும். அது என் எல்லை. போடறதுல ஆட்சேபம் இல்ல. ஆனா பல்லே இல்லாத எடத்துல எதுக்கு ஊசின்னு தணிக்கைல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"எனக்கும் அதே சிக்கல்தான்" என்றார் பல் மருத்துவர். "இல்லாத பல்லை எடுத்தேன்னு எழுத முடியாது. அதனால எடுக்கறதை எழுதாம விட்டுடலாம்."

"முதல்ல நடைமுறை" என்றார் கண்காணிப்பாளர். "அந்த இடம் காலியா இருக்குன்னு பார்வையிட்டு உறுதி பண்ணணும். அப்பறம்தான் காலி பண்ணணும். வாயைத் திற."

புலவர் திறந்தான். சொன்னதைச் செய்கிறவன், ஏழு நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

கண்காணிப்பாளர் தீட்டிய நகத்தோடு ஆள்காட்டி விரலை அவன் வாய்க்குள் விட்டார். அறையைப் பார்த்து, பேரேட்டில் ஏறும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினார். "மேல் வரிசை. வலப்புறம். முன்பல் இருக்க வேண்டிய இடம். இதோ, என் விரல் இருக்கும் இந்த இடத்தில், நான் பார்த்த வரையில், எதுவும்..."

"ஆ... ஆ... இஹ்ஹுஹு ஹார்" என்றான் புலவர். இருக்கு சார் என்பது விரலைச் சுற்றி அப்படித்தான் வந்தது.

"குறுக்கப் பேசாத."

"இஹ்ஹுஹு ஹார்! இஹ்ஹுஹு!"

கண்காணிப்பாளர் முகம் சிவந்தது. அலமாரிப் பிரிவிலிருந்து இந்த அறை வரை அவர் பேச்சில் யாரும் குறுக்கிட்டதில்லை. விரல் எங்கே இருக்கிறது என்பதை மறந்து, கட்டிடம் அதிரக் கத்தினார்:

"வாயை மூடு!"

புலவர் மூடினான்.

அடுத்த கொஞ்ச நேரம் அந்த அறையில் நடந்தது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாதது. விரல் வெளியே வந்தபோது நகத்தின் ஓரத்தில், நகமும் சதையும் சேர்கிற விளிம்பில், பாதி அரிசி நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கண்காணிப்பாளர் அந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறையை மூன்று சுற்றுச் சுற்றினார்.

"எழுதுங்க! விபத்துப் பதிவேட்டை எடுங்க! இவனை விடக் கூடாது!"

விபத்துப் பதிவேடு என்பது தனி. ஊழியருக்குக் காயம் என்றால் நின்ற இடத்திலேயே எழுத வேண்டும், கூட இருந்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், முத்திரை வைக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் பதினெட்டு மாதம். இதற்குப் பதினெட்டு நிமிடம்.

ஜன்னல் அம்மாள் வேகமாக எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் பேனா நின்றது.

"காயத்தை உண்டாக்கிய பொருள்?"

பல் மருத்துவர் கூரையைப் பார்த்தார். பிறகு, "கீழ்ப்பல்லுன்னு போடலாமே?" என்றார்.

"கீழ்ப்பல்லு நகத்துக்கு அடில இருந்துதான் கடிக்கும்" என்றார் அம்மையார். "இது மேலேர்ந்து வந்திருக்கு. மேலேர்ந்து ஏதோ ஒண்ணு..."

"ஏதோ ஒண்ணு என்னம்மா ஏதோ ஒண்ணு!" கண்காணிப்பாளர் விரலை அம்மையார் மூக்குக்கு நேரே நீட்டினார். "பல்லு! மேல் வலது முன்பல்லு! என் விரல்ல உணர்ந்து சொல்றேன், பல்லு! எழுதுங்க!"

"ஆட்டமில்லாத, நல்ல கூர்மையான பல்" என்று பல் மருத்துவர் சேர்த்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். நல்ல பல்லைப் பாராட்டாமல் அவரால் இருக்க முடியாது.

எழுதப்பட்டது. 'மேல் வலது முன்பல், ஆட்டமில்லாதது, கூர்மையானது.' பல் பிரிவு கையெழுத்துப் போட்டது. மென்திசுப் பிரிவு கையெழுத்துப் போட்டது. மூன்றாவதாக, விதிப்படி, கண்காணிப்பாளர், இடது கையால். ஜன்னல் அம்மாள் முத்திரையை ஓங்கி வைத்தாள்.

"குற்றச்சாட்டை ஒத்துக்கறியா?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

புலவர் தாளை மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தான். ஈறு என்ற சொல் எங்கேயும் இல்லை என்று பார்த்துக்கொண்டான்.

"வரிக்கு வரி ஒத்துக்கறேன் சார்" என்றான். "எனக்கு நகல் வேணும்."

பணிமனைக்கு அவன் பேருந்துக்குக் காத்திருக்காமல் ஓடியே போனான். மேலாளர் அறையில் அடுத்த ஆள் உட்கார்ந்திருந்தான். அவனையும் உட்காரச் சொல்லியிருந்தார்கள். மேலாளர் தாளை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார், கையெழுத்துகளை விரல்விட்டு எண்ணினார்.

"மூணும் இருக்கு. பல்லு உள்ளதுன்னு தெளிவாவே போட்டிருக்கு. காயம்?"

"காயம் அவருக்குத்தான் சார் போட்டிருக்கு. எனக்கு இல்ல."

"நல்லது. தகுதி இருக்குன்னு இதையே வெச்சுக்கறேன்." அரக்கை உடைத்து விசிலை வெளியே எடுத்தார். "அதிகாரியைக் கடிச்சதுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும்."

"கடிக்கல சார். வாயை மூடச் சொன்னாங்க, மூடினேன்."

"அதையே எழுதிக் குடு. கையெழுத்து உனக்கு நல்லாத்தானே வரும்?"

மறுநாள் காலை அவர்களுடைய வண்டி வாய்நலத் தலைமையகத்தின் எதிரே நிறுத்தத்தில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பதிவு ஜன்னலின் வரிசை அன்றைக்குத் தெருவரை நீண்டிருந்தது. ஜன்னலுக்கு நேரே, முதல் ஆளாக, ஆள்காட்டி விரலைக் கைக்குட்டையில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கண்காணிப்பாளர் நின்றார். ஊழியர் காயமும் சிகிச்சைக்கு அந்த ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும். அப்படிச் சொல்கிற சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

ஜன்னல் அம்மாள் நிமிரவில்லை.

"நகமா, சதையா?"

"நான்தாம்மா."

"தெரியுது சார். நகமா, சதையா?"

"ரெண்டும்... ரெண்டும் சேர்ற எடத்துல."

அம்மாள் ஒரு படிவத்தை எடுத்து வெளியே தள்ளினாள்.

டிரைவர் அண்ணன் கண்ணாடியில் புலவரைப் பார்த்தார். "என்னடா, ஆளெல்லாம் ஏறியாச்சு. போலாமா?"

"ஒரு நிமிஷம்ணே." புலவர் படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "நிலைங்கற கட்டத்துக்கு வந்துட்டாரு. என்ன எழுதறாருன்னு பாத்துட்டுப் போயிடலாம்."

கண்காணிப்பாளர் இடது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் எழுதவில்லை. புலவர் விசிலை முன்பல்லில் கவ்வி, இரண்டு முறை நீளமாக ஊதினான். வலிக்கவில்லை. வண்டி நகர்ந்ததும் நோட்டை எடுத்து, ஒன்று என்று எண் போட்டு, 'பல் உள்ளது' என்று எழுதினான். கேள்விக்குறி போட மறந்துவிட்டான்.